சும்மாடு காயுமுன்

"நைனா, இங்க எழுதிக்கீற தமிழு அம்மாவுக்குப் புரியுமா?"

காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில், ஒரு கல்லறைத் திருநாளன்று ஷைனி கேட்ட கேள்வி அது. அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. சிலுவையில் 'ஆண்டவரில் இளைப்பாறுகிறார்' என்று பொறித்திருந்தது. அவள் அம்மா ஜானட் உயிரோடு இருந்தவரை வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. அப்பா அருள்பிரகாசம் மெழுகுவத்தியைக் காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டார்.

பதில் சொன்னவள் பக்கத்து வீட்டு மீன்காரி கெங்கம்மா. மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு, ஜானட்டுக்கு ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி வந்திருந்தாள். "நீ பேசுனா புரியும் கண்ணு. எப்பவும் பேசற மாரியே பேசு," என்றாள். குழந்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து, பென்சில் தொலைந்த கதையிலிருந்து ஆரம்பித்துவிட்டது.

தாயில்லாத அந்தப் பிள்ளைக்குக் காலையில் சடை பின்னிவிட்டதும் கெங்கம்மாதான். மீன் வாடை முடியில் ஏறக்கூடாதென்று எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிய பிறகே சீப்பைத் தொடுவாள்.

ஷைனி இப்போது கல்யாணமாகிப் போய்விட்டாள். கெங்கம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. அன்று வாசிக்கவும் பேனரில் அச்சடிக்கவும் அவள் தம்பி வல்லரசு ஒரு கவிதை எழுதியிருந்தான்.

அருளும் வல்லரசும் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர்கள். துறைமுக வாசலை நோக்கி எண்ணூர் சாலையில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது மற்றவர்கள் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள். இவர்கள் இருவரும் ஒரே கேபினில் ஏறி, எழுதிய கவிதைகளை வாசித்துக்கொள்வார்கள். "புலவருங்க கூடிட்டாங்க, இன்னிக்கு கேட்டு தொறந்த மாரிதான்," என்று பின்னால் நிற்கும் ஃப்ரெடி கிண்டல் செய்வான்.

படத்திறப்புக்கு மூன்று நாள் முன்பு, அப்படியொரு வரிசையில், வல்லரசு செல்போனைப் பார்த்து வாசித்தான். 'அன்னையை நிகர்த்த தமக்கையே, நின் பொன்மலர்ப் பாதம் எங்கு சென்றது' என்று தொடங்கியது கவிதை. 'முகம் வாடியதேன் மகனே என வினவும் திருவாய் மூடியதேனோ' என்று முடிந்தது. முடிக்கும்போது அவன் குரல் உடைந்தது.

"எப்டிண்ணா கீது? சாயங்காலம் வண்ணாரப்பேட்டை பேனர்காரன்கிட்ட குடுக்கணும்."

அருளுக்குச் சங்கடமாக இருந்தது. நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகலாம். ஆனால் அக்காவை வழியனுப்ப அவனுக்கு இருப்பது அந்த ஒரு ஞாயிறுதான். இதையே வாசித்தால் அன்று அவன் யாரோ ஒருத்திக்காக அழுதுகொண்டு நிற்பான். நன்றாயில்லை என்றால், துக்கத்தில் இருக்கிறவனைக் குத்தியதாகும். ஆண்டவரே, என் நாக்கில் முள் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு, இன்னொரு தடவை மெதுவாக வாசிக்கச் சொன்னார்.

நடுவில் ஒரு வரி வந்தது: 'சும்மாடு காயுமுன்னே சோறு வடித்தாயே.'

அங்கே நிறுத்தச் சொன்னார். கூடைக்கு அடியில் தலையில் வைத்திருந்த ஈரத்துணியும், காதோரம் வழிந்த மீன்தண்ணீரும் அப்படியே கண்முன் வந்ததாகவும், அந்த வரியை உலகத்தில் அவனைத் தவிர யாரும் எழுத முடியாது என்றும் சொன்னார். வல்லரசின் முகம் மலர்ந்தது.

"மத்த வரியிலயும் அக்காவத் தேடறேன் வல்லு. ஆப்டல."

மலர்ந்த முகம் சுருங்கியது.

"முகம் வாடியதேன் மகனேன்னா அக்கா உன்னக் கேட்டுச்சு?"

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். வல்லரசு வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்தினான். சாலையைப் பார்த்தபடியே சொன்னான்: "இன்னாடா வல்லு, மூஞ்சி வாடிக்கீது, துன்னியா இல்லியான்னு கேக்கும்."

"அத எழுது."

முடியவே முடியாது என்றான் வல்லரசு. சினிமாவில் இந்தப் பேச்சை வைத்துத்தான் சிரிக்கிறார்கள். பெரம்பூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வருவார்கள். ஆயுசு முழுக்க 'ஏ மீனு' என்று கூப்பிடப்பட்டவளை ஒரு நாளாவது நல்ல தமிழில் உட்கார வைக்க வேண்டாமா என்று கேட்டான்.

அருளுக்குப் பிழை எங்கிருந்து வந்ததென்று அப்போதுதான் புரிந்தது. அது அன்பிலிருந்து வந்த பிழை.

"மருவாதிக்குத்தான் மாத்திக்கீறே. ஆனா அக்காவ எழுப்பிட்டு வேற யாரையோ ஒக்கார வச்சிட்டியே, நைனா."

பிறகு கல்லறைத் தோட்டத்தில் ஷைனி கேட்டதையும், கெங்கம்மா சொன்னதையும் அவனிடம் சொன்னார். வல்லரசுக்கு அது தெரியாது. செல்போனைக் குனிந்து பார்த்து, வரி வரியாக அழிக்கத் தொடங்கினான்.

நிமிர்ந்ததும் கேட்டான்: "அப்ப சும்மாடு?"

"அதான் மொத வரி."

ஞாயிறன்று பந்தலில் வல்லரசு வாசித்தான். 'இன்னாடா வல்லு' என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். 'துன்னியா இல்லியா' என்று அவன் கேட்டபோது சிரிப்புச் சத்தம் இல்லை. மீன் மார்க்கெட் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நீங்கள் திருத்திக் கொடுத்ததா என்று ஃப்ரெடி அருளிடம் கேட்டான். அவனே எழுதியதுதான் என்றார் அருள். அது பொய்யில்லை.

எல்லோரும் சாப்பாட்டுக்குப் பந்தலின் பின்பக்கம் போனார்கள். அருள் குழாயடிக்குப் போய், சட்டைப்பையிலிருந்த எலுமிச்சைத் தோலால் கையிலிருந்த டீசல் வாடை போகத் தேய்த்துக் கழுவினார். ஆளில்லாத பந்தலுக்குத் திரும்பி வந்து, கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு முழம் கனகாம்பரத்தைக் கெங்கம்மாவின் படத்துக்குச் சாத்தினார். இறந்தவர்களுக்கான கோயில் ஜெபம் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

"இன்னாக்கா," என்றார் மெதுவாக, "துன்னியா?"