பல்லுக் கார்

கேதீஸ்வரனைப் போல ஒரு மனிதனைக் கட்டிக்கொண்டு உடுவிலில் குடித்தனம் நடத்துவது என்றால் சும்மாவா? மனிதர் தங்கமானவர், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நாலு பேர் கூடுகிற இடம் என்றால் அவருக்கு வேப்பங்காய். கலியாண வீடோ செத்தவீடோ, மனைவி சிவகௌரிதான் தனியே பஸ் ஏறிப் போய்வருவாள். "அவருக்குத் தலையிடி" என்று அவள் சொல்லிச் சொல்லி, மனிதருக்கு மண்டைக்குள் ஏதோ பெரிய வருத்தம் என்றே சொந்தக்காரர் நம்பிவிட்டார்கள். எவ்வளவு காலத்துக்குத்தான் ஒரு பொம்பிளை ஒற்றையாய்ப் போய் ஒற்றையாய் வருவது? அந்த ஏக்கம் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

பெற்றோல் விற்ற விலையில் அவருடைய சின்ன வெள்ளைக் கார் வீட்டோடு படுத்துக் கிடந்தது. அப்போதுதான் ஒரு விளம்பரக் கொம்பனி தேடி வந்தது. பல் வைத்தியசாலை ஒன்றின் ஸ்ரிக்கரைக் கார் முழுக்க ஒட்டுவார்களாம், மாதாமாதம் காசு தருவார்களாம். ஒரேயொரு நிபந்தனை. சனம் கூடுகிற இடமாகப் பார்த்துக் காரை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பவேண்டும்.

"சனத்துக்கு நான் எங்கை போறது?" என்று தலையைச் சொறிந்தார் கேதீஸ்வரன்.

சிவகௌரி விடுவாளா?

"செத்தவீட்டை விடச் சனம் கூடுற இடம் வேறை எது? நீர்வேலியிலை இண்டைக்கு ஒண்டு இருக்கு. வெளிக்கிடுங்கோ!"

ஒட்டியது சாதாரணப் படமா! முன்னுக்கும் இரண்டு பக்கக் கதவுகளிலும் ஈ என்று சிரிக்கிற பல். ஊர்ப் பிள்ளைகள் 'பல்லுக் கார்' என்று பேர் வைத்தார்கள். வைக்கட்டும்! பக்கத்தில் புருஷன் இருக்க, சேலை கசங்காமல் போய் இறங்குகிற சுகம் அவளுக்கல்லவா தெரியும். அவர் உள்ளே வருவதில்லை. படத்தை எடுத்துவிட்டுக் காருக்குள்ளேயே இருப்பார். அதுவே காணும், அதுவே போதும் என்றிருந்தாள். இந்தக் கொம்பனிக்காரர் நீடூழி வாழவேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்திகூட வைத்தாள்.

அச்சுவேலியில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா செல்வநாயகி செத்தபோதுதான் வினை வந்தது. பந்தலுக்கு நேரே கார் நின்றது. கேதீஸ்வரன் போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போக, அக்காவின் ஒரே மகன் பிரவீணன் அழுது வீங்கிய முகத்தோடு வாசல் படலையடிக்கு வந்தான்.

"சித்தப்பா, உள்ளுக்கை அம்மா கிடக்கிறா. உங்கடை கார் வாசலிலை நிண்டு இளிக்குது. இது உங்களுக்கு வடிவா இருக்கோ?"

பந்தலே திரும்பிப் பார்த்தது. சிவகௌரிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. முடிந்தது கதை! இந்த மனிதன் இனி ஒரு வாசலும் மிதிக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

கேதீஸ்வரன் டிக்கியைத் திறந்து கார் உறையை எடுத்தார். ஒரு பல்லும் தெரியாமல் இழுத்து மூடினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அடியம்மா, உள்ளேயல்லவா போகிறார்! போய்ப் பிரவீணனுக்குப் பக்கத்தில் இருந்தவர் பிரேதம் எடுக்கும்வரை எழும்பவில்லை. பொடியனுடைய கை அவருடைய கைக்குள்ளேயே இருந்தது. சுடலைக்கும் அவனோடேயே நடந்து போனார்.

பின்னேரம் வீடு திரும்பியதும் கொம்பனியிலிருந்து போன். இன்றைக்கு ஏன் படம் வரவில்லை என்று கேட்டார்கள்.

"செத்தவீட்டு வாசலிலை இனி நான் பல்லுக் காட்டமாட்டன், தம்பி. வந்து கழட்டுங்கோ."

வந்து கழற்றினார்கள். காசு போனால் போகட்டும், அவளுக்குக் காசா பெரிது? கார் பழையபடி படுத்துவிட்டது. அவரும் பழையபடி பேப்பரும் கையுமாகச் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். மனிதருடைய மனதை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது, தன் விதியை நினைக்க அழுகையாகவும் வந்தது.

அக்கா செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவன்று காலையில் அவள் பஸ்ஸுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால், மனிதர் முகம் வழித்து, வேட்டி கட்டி, கார்த் திறப்போடு நிற்கிறார்.

"இனி ஒருத்தரும் காசு தரமாட்டினம், தெரியுமெல்லே?" என்று கேட்டாள்.

"தெரியும்," என்றார். "உள்ளுக்கை போய் என்ன கதைக்கிறதெண்டு தெரியாமத்தான் கௌரி, இவ்வளவு காலமும் ஒளிச்சனான். அண்டைக்கு நானும் ஒண்டும் கதைக்கேல்லை, அவனும் கதைக்கேல்லை. சும்மா பக்கத்திலை இருந்தாக் காணும் போலை."

ஐயோ பாவம், இந்தப் பயத்தையா இத்தனை வருசமும் திமிர் என்று நினைத்தேன் என்று அவளுக்கு நெஞ்சு உருகிப் போயிற்று.

"காலமை பிரவீணன் போன் எடுத்தவன்," என்றார் அவர். "சித்திக்கு ஏதும் அலுவல் எண்டால் பரவாயில்லையாம். என்னைக் கட்டாயம் வரட்டாம்."

"ஓகோ! முப்பது வருசமாப் பஸ்ஸிலை இடிபட்டுப் போனது நான். இப்ப ஐயா போனாக் காணுமோ?" என்று பொரிந்து தள்ளியபடியே, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு முன்னமே போய்க் காருக்குள் ஏறி இருந்தாள்.