மஞ்சள் பந்துக்கு நான்கு புள்ளி

எங்கள் ஊர் ஸ்னூக்கர் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைப் புதிரில் யாருடைய பெயர் வருகிறதோ அவர் புதிருக்குள் போய்விடுவார். எல்லோரும் சேர்ந்து விடையைக் கண்டுபிடித்ததும் வெளியே வந்துவிடுவார். என் மனைவி கோகிலவாணி ஆடி மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை பதினொன்றே காலுக்கு உள்ளே போனாள்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. பொள்ளாச்சியில் இருக்கிற எங்கள் கிளப்பில் மொத்தம் முப்பத்தொரு பேர். கோலைப் பிடித்து ஆடத் தெரிந்தவர்கள் நான்கு பேர்தான். மற்றவர்கள் என்னைப் போல வெறும் ரசிகர்கள். ஞாயிறு காலை கூடுவோம், போண்டா சாப்பிடுவோம், செயலாளர் சென்னியப்பன் எழுதிக்கொண்டுவரும் புதிரைச் சேர்ந்து போடுவோம். எனக்குக் கணக்கு வராது. வங்கியில் வேலை பார்க்கும் தமயந்தி கை தூக்கும்போது நானும் தூக்கிவிடுவேன். அறையில் இருக்கிற அத்தனை பேரும் கை தூக்கினால்தான் விடை செல்லும். பெரும்பாலும் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். போனவர் விரலில் சாக்பீஸ் தூளோடு வெளியே வந்து, போண்டா மிச்சம் இருக்கிறதா என்று கேட்பார்.

அன்றைக்கு கோகிலவாணியின் முறை. கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். சென்னியப்பன் தாளைப் பலகையில் குத்தி, உரக்கப் படித்தார்.

"மேசையில் மூன்று சிவப்புப் பந்துகளும் ஆறு வண்ணப் பந்துகளும் இருக்கின்றன. கோகிலவாணி ஐம்பத்திரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறாள். எதிராளி தவறே செய்யமாட்டார். மிச்சமிருக்கிற பந்துகள் எல்லாவற்றையும் கோகிலவாணியே குழியில் போடுகிறாள். எந்த வரிசையில் போட்டால் ஜெயிப்பாள்?"

போண்டா ஆறுவதற்குள் தமயந்தி கணக்கைப் போட்டுவிட்டாள். சிவப்புக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னாலும் ஒரு வண்ணப் பந்தைப் போடலாம், அதை மறுபடி மேசையில் எடுத்து வைத்துவிடுவார்கள். அதில் பெரியது கறுப்பு, ஏழு புள்ளி. ஆக ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் எட்டு, மூன்று தடவைக்கு இருபத்துநான்கு. கடைசியில் ஆறு வண்ணங்களையும் மஞ்சளில் தொடங்கி வரிசையாகப் போட்டால் இருபத்தொன்பது. மொத்தம் ஐம்பத்து மூன்று. ஒரு புள்ளியில் ஜெயம். முப்பது கைகளும் மேலே போயின. கோகிலவாணி வரவில்லை.

கையைத் தூக்கியபடியே கொஞ்ச நேரம் இருந்தோம். பிறகு தமயந்தி எழுந்து போய்த் தாளின் உச்சியைப் பார்த்தாள். புதிர்த் தாள்கள் எல்லாவற்றிலும் அங்கே 'உலக விதிகளின்படி' என்று அச்சடித்திருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் மஞ்சள் பந்து ஜன்னல் வழியாகத் தெருவில் விழுந்து டிராக்டர் டயரில் மாட்டிக்கொண்டது. எடுத்துவந்தபோது ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பாவம் பார்த்து, அன்றிலிருந்து அதற்கு இரண்டுக்குப் பதில் நான்கு புள்ளி கொடுக்கிறோம். உலகத்தில் மற்ற இடங்களில் மஞ்சளுக்கு இரண்டுதான். அப்படிப் பார்த்தால் மொத்தம் ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு பின்தங்கியவளுக்கு ஒரு புள்ளி குறைகிறது. சென்னியப்பன் கிளப் வழக்கப்படி எழுதிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் கூட்டினோம்.

ஆள் உள்ளே இருக்கிற தாளில் பேனா ஓடாது. ரப்பரால் அழித்துப் பார்த்தோம். "ஏனுங்க, கூசுதுங்க" என்று உள்ளேயிருந்து கோகிலவாணியின் குரல் வந்தது. பிளேடு கொண்டுவந்தவரை நான் வெளியே அனுப்பிவிட்டேன்.

அதன்பின் தினமும் சாயங்காலம் கயிறு மில்லிலிருந்து நேராகக் கிளப்புக்குப் போனேன். கோகிலவாணி பகல் முழுக்க ஆடுவாள். அவள் ஒரு பந்தைப் போடப் போட, தாளில் ஐம்பத்திரண்டு என்ற எண் குறைந்துகொண்டே வரும். ஐந்தரை மணிக்கு ஒன்று என்று நிற்கும். அதற்குமேல் போட மேசையில் பந்து இருக்காது. மறுநாள் காலையில் மறுபடி ஐம்பத்திரண்டு. அவள் ஒருநாளும் ஒரு பந்தைத் தவறவிட்டதில்லை. வீட்டில் தோசைக்கல்லைத் தவிர எதையும் குறிபார்த்துத் தொடாதவள், அத்தனை பந்தையும் போட்டுவிட்டு, தினமும் ஒரு புள்ளியில் தோற்றாள்.

"சாப்ட்டீங்களா?" என்பாள்.

"ஆச்சு" என்பேன்.

"எதிர்ல இருக்கறவரு எப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லவருங்க. உக்காந்தே இருக்காரு. ஒரு வார்த்தை பேசமாட்டாரு."

பத்து ஞாயிறுகள் போயின. சரியான விடை என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எந்த வரிசையில் போட்டாலும் அவளால் ஜெயிக்க முடியாது என்பதுதான் விடை. ஆனால் மேசையில் பந்து இருக்கும்வரை ஓர் ஆட்டக்காரர் தோற்றுவிட்டார் என்று ரசிகன் வாயால் சொல்லக்கூடாது. அது எங்கள் சங்க விதி, நான்காவது. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் யாராவது எழுந்து, பச்சையை முதலில் போட்டால் என்ன, நடுவில் நீலத்தைப் போட்டால் என்ன என்பார்கள். அவற்றில் எல்லாம் புள்ளி இன்னும் குறையும். தெரிந்தும் கூட்டிப் பார்ப்போம். போண்டாவை யாரும் தொடுவதில்லை.

பதினொன்றாவது ஞாயிறு சென்னியப்பன் நான்காவது விதியை ரத்து செய்தார்.

"அம்மிணி, நீயே சொல்லீரு" என்றார் தமயந்தியைப் பார்த்து.

தமயந்தி எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "எப்படிப் போட்டாலும் ஜெயிக்க முடியாதுங்க" என்றாள்.

ஒவ்வொன்றாகக் கைகள் மேலே போயின. இருபத்தொன்பது. என் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. புதிரில் தோற்றவர் என்ன ஆவார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. இதுவரை எங்கள் புதிர்களில் யாரும் தோற்றதில்லை.

"மாப்ள, கோகிலவாணி வெளிய வந்துருமப்பா" என்றார் சென்னியப்பன். "சரியான விடைக்குக் கதவு திறந்துதான ஆகோணும்?"

நான் கையைத் தூக்கவில்லை. அப்போது தாளிலிருந்து கோகிலவாணி பேசினாள்.

"ஏனுங்க. கை நோவுதுங்க. தோத்துட்டேன்னு சொல்லிப்போடுங்க."

கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவள் என்னிடம் எதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை. கையைத் தூக்கினேன். அந்த நேரத்தில் அது என் கை மாதிரியே இல்லை.

எதிராளி வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். மொடமொடவென்று வெள்ளைச் சட்டை, கறுப்பு வெயிஸ்ட்கோட். எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். அவர் பின்னால் இன்னொருவர் வருவதற்காகக் காத்திருந்தோம். மத்தியானம் ஆயிற்று. பலகையில் தாள் வெறும் வெள்ளையாக இருந்தது. நான் அதில் காதை வைத்துக் கேட்டேன். பிறகு அதை மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

"எந்த வீடுங்க?" என்று எதிராளி என்னிடம் கேட்டார்.

ஸ்கூட்டரில் பின்னால் ஒரு இடம் இருந்தது. கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்பது நாளாகிறது. கேஸ் சிலிண்டர் தீரும் நாளைக்கு முதல்நாள் பதிவு செய்துவிடுகிறார். கோகிலவாணியின் அம்மா போன் செய்தால் எடுத்து, "சொல்லுங்கம்மா" என்கிறார். இருமல் மருந்தின் பெயரைச் சரியாகச் சொல்கிறார். அந்த அம்மாவும் ஆறுதலாகப் பேசிவிட்டு வைத்துவிடுகிறார்கள். கோகிலவாணியின் புடவைகளை மடித்து வைத்திருக்கிறார், அவள் மடிக்கிற மாதிரியே. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

முதல் வாரம் சென்னியப்பன் வந்திருந்தார். எதிராளி சமையலறையில் இருந்த நேரமாகப் பார்த்து என் காதருகில் சொன்னார்.

"எதிராளி தப்பே செய்யமாட்டாருன்னு எழுதியிருக்கேன் மாப்ள. ஒரே ஒரு தப்பு செஞ்சாப் போதும், புதிரே தப்புன்னு ஆயிரும். தப்பான புதிர்ல ஆளை வெச்சிருக்க முடியாது. அம்மிணி வந்துரும்."

அன்றிலிருந்து நான் மில்லுக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் அந்த வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பால் பொங்குவதற்கு ஒரு நொடி முன்னால் அடுப்பை அணைக்கிறார். தரையை ஈரமாக்கி வைத்தேன், வழுக்காமல் நடந்தார். உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் மாற்றி வைத்தேன். திருப்பி மாற்றி வைத்தார். கோகிலவாணிக்குப் பிடித்த நிறம் என்ன என்று கேட்டேன். எனக்கே அது தெரியாது. அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

இன்று காலை காபி கொண்டுவந்தார். வாசற்படி தாண்டும்போது டம்ளர் அவர் விரலிலிருந்து நழுவியது. என் கண்ணால் பார்த்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். "வாணி!" என்று கத்தினேன்.

டம்ளர் கீழே விழவில்லை. இடுப்பு உயரத்தில், ஒரு சொட்டும் சிந்தாமல், அப்படியே நின்றது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து நான் போய் அதை எடுத்துக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.