எழில்மொழியின் கட்டைவிரல்

மன்னார்குடியில் விதைநெல் விற்கும் கம்பெனி ஒன்றின் கிளை அலுவலகத்தில், பதினான்கு செல்போன்களுக்குக் காவல் எழில்மொழி. ஊர் ஊராகச் சுற்றும் பணியாளர்களுக்குக் கம்பெனி கொடுத்த போன்கள் அவை. ஒவ்வொன்றிலும் விவசாயிகளின் ஆதார், சிட்டா, பாஸ்புக் எல்லாம் படம் படமாகக் கிடக்கும். ஒரு போன் கைமாறினால் ஒரு ஊரே அம்போ. அதனால் அவள் சட்டம் போட்டிருந்தாள். பூட்டு இல்லாத போன் கூடாது. பூட்டு எண்ணை உறையின் உள்பக்கம் எழுதி வைக்கக் கூடாது. ஒருவர் போனில் இன்னொருவர் கைரேகை கூடவே கூடாது. அச்சடித்துச் சுவரிலும் ஒட்டியிருந்தாள்.

அந்தக் கடைசிச் சட்டத்தை மீறிய ஒரே ஆள் அவளேதான்.

எல்லாம் அன்பரசனால் வந்தது. விடியலில் சொந்த வயலில் இறங்கி, களை பறித்து, உரம் தூவி, குளித்துவிட்டு எட்டரைக்கு வேலைக்கு வருகிறவன். சேறும் யூரியாவும் தின்று விரல் நுனியில் ரேகையே மிச்சமில்லை. போன் எத்தனை தடவை தொட்டாலும் திறக்கவில்லை.

"ரேஷன் கடை மெஷினே என் கையைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கும். இது எம்மாத்திரம்ங்க?"

"அப்ப நம்பர் போட்டுத் திறங்க."

"ஆறு நம்பருங்க. வரப்பு ஏறி எறங்கறதுக்குள்ள மறந்துடுது. உங்க விரலை வச்சி விடுங்களேன். காலையில ஒரு தடவை தொறந்து குடுத்தா, சாயங்காலம் வரைக்கும் திரை அணையாம பாத்துக்கறேன்."

வேறு யாராவது கேட்டிருந்தால் சுவரைக் காட்டியிருப்பாள். இவன் கேட்டதும் கட்டைவிரலைக் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து மூன்று குறுவை, மூன்று சம்பா. தினமும் எட்டரைக்கு, போனைச் சட்டையில் துடைத்து நீட்டுவான். அவள் விரலை வைப்பாள், திறக்கும். "ஆத்துல தண்ணி வந்துட்டா?" என்பாள். "வந்துட்டுங்க" என்பான். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தாள், தலையில் பூ வைத்தாள். அவன் லீவு போட்ட நாட்களில் எரிந்து எரிந்து விழுந்தாள்.

மாதா மாதம் எல்லாப் போன்களையும் சோதித்துப் படிவம் நிரப்ப வேண்டும். அவன் போனை மட்டும் பார்க்காமலே டிக் அடித்துவிடுவாள். பார்த்தால் பகல் முழுக்கத் திறந்து கிடப்பதைக் கண்டிக்க வேண்டும். கண்டித்தால் காலை எட்டரை போய்விடும். ஆசைக்கு இவ்வளவு சாமர்த்தியம் வருமா என்று கேட்காதீர்கள், வரும்.

அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். போன பங்குனியில் வந்து, வேலையை விடுவதாகச் சொன்னான். போனை மேஜையில் வைத்தவன் நகராமல் நின்றான்.

"உங்க விரலை இதுலேருந்து எடுத்துடுவீங்களா?"

அவள் வாயில் வந்தது சட்டம்தான். "வேலையை விட்டுப் போறவங்க போன்ல எல்லாத்தையும் அழிச்சிடணும்ங்க."

"சரிங்க," என்று போய்விட்டான்.

எழில்மொழி அழிக்கவில்லை. போன் இரண்டு மாதமாக அவள் மேஜை டிராயரில் கிடந்தது. சார்ஜ் போடுவாள், விரல் வைப்பாள், திறந்ததும் மூடிவிடுவாள். அதில் அவன் படம் ஒன்றுகூட இல்லை. அவள் விரலைத் தெரிந்துவைத்திருந்தது, அதுவே போதுமாக இருந்தது.

இன்று தங்கம்மாள் வேலைக்குச் சேர்கிறாள், அந்தப் போன் அவளுக்கு. அழிக்கும் முன் படிவத்தை முழுதாக நிரப்ப வேண்டும். தன் விரலைப் பதித்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக எழில்மொழி அந்தப் போனின் பூட்டு அமைப்புக்குள் போனாள்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் நேரம்: முப்பது விநாடி.

மூன்று வருஷத்துக்கு முன் அவளே எல்லாப் போனிலும் வைத்த அதே முப்பது விநாடி. அவன் தொடவே இல்லை.

எதிர் மேஜையில் பில் எழுதிக்கொண்டிருந்த கண்ணுசாமி, அன்பரசனோடு ஒன்றாக ஊர் சுற்றியவர். அவரிடம் கேட்டாள்: "அண்ணே, அன்பரசன் வயல்ல போனை எப்படித் தொறப்பாரு?"

"நம்பர் போட்டுத்தாம்மா. நடவு வயல்ல நின்னுக்கிட்டு, பாக்காமலே ஒத்தக் கையால அடிப்பான்."

"மறந்துடும்னு சொல்வாரே?"

"அவனா? நூறு பேரு சர்வே நம்பரைத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவான். இப்பத் திருத்துறைப்பூண்டியில மாமனார் உரக்கடையைப் பாத்துக்கறான். வைகாசியில கல்யாணம் ஆச்சே, உனக்குப் பத்திரிகை வைக்கலியா?"

வைக்கவில்லை. ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் ஒழுங்காகச் சோதித்திருந்தால், அவன் காலையில் வந்து நின்றது போனுக்காக அல்ல என்று தெரிந்திருக்கும். அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். போன் அணைந்து எழுந்து, எந்த மொழி வேண்டும் என்று புது ஆளைக் கேட்பதுபோல் அவளையே கேட்டது.

தங்கம்மாள் இருபது வருஷம் நாற்று நட்டவள். அவள் விரலையும் போன் ஏற்கவில்லை. நான்கு தடவை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "உங்க விரலை வச்சி விடுங்களேன் மேடம். காலையில வந்து தொறந்துக்கறேன்."

"வேணாங்க்கா. நம்பர் வச்சுக்குங்க. நம்பர் யாருக்கும் மறக்காது."

தங்கம்மாள் எண்ணை வைத்துவிட்டு, ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடப் போனாள். மேஜையில் போன் முப்பது விநாடியில் தானாகப் பூட்டிக்கொண்டது. எழில்மொழி கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். ரேகை பொருந்தவில்லை என்றது. விரலைப் புடவைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை வைத்தாள்.