தமிழ் தெரிந்திருக்க வேண்டும்

அந்த ஒரு வரியை எழுதியது முதலாளி இல்லை, ஒல்லிதான். அதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

படிப்பு முடிந்து, மாணவர் விசாவும் இழுத்துக்கொண்டு கிடந்த நேரம் அது. கூடத் தங்கியிருந்த பையன்களால் ஒல்லி என்று அழைக்கப்பட்ட நம் ஆளுக்கு, குளியலறைக் குழாய்களை இறக்குமதி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் ஆர்டர் கவனிக்கும் வேலை. முதலாளிக்கு அவன்மேல் பிரியம். வேலை விசாவுக்குக் கையெழுத்துப் போட மனுஷர் தயார்தான். ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. முதலில் விளம்பரம் கொடுக்க வேண்டும். குடியுரிமை உள்ளவர்களில் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். அப்புறம்தான் வெளிநாட்டுக்காரனைப் பற்றிப் பேச்சு.

"வெளம்பரத்த நீயே எழுதிடுப்பா. உன்னத் தவிர எவனுக்கும் பொருந்தக் கூடாது" என்று அந்த ஊர் மொழியில் சொல்லிக் கண்ணடித்தார் முதலாளி.

தன் அளவுக்குத் தானே சட்டை தைத்துக்கொள்கிறவனைப் போல ஒல்லி உட்கார்ந்து எழுதினான். படிப்பு, கம்ப்யூட்டர், அனுபவம் என்று எல்லாவற்றையும் போட்டும் மனசு ஆறவில்லை. குழாய் அனுப்பும் பட்டறைக்காரர் தமிழர். அவரோடு பேச ஆள் வேண்டும்தானே? கடைசியில் சேர்த்தான்: தமிழ் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊரில் எவன் வரப்போகிறான்? தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான், மடையன்.

ஒரே ஒருத்தி வந்தாள். நாற்பது வயதிருக்கும். கல்யாணமாகி இங்கே வந்து, குடியுரிமை வாங்கிப் பல வருஷம் ஆனவள். குழாய்களை வரிசையாக மாட்டிவைத்த பலகைக்குக் கீழே, பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒல்லியின் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"தம்பி, நீங்க தமிழா?"

"ஆமாங்க்கா."

"அப்பாடா, வயித்துல பால வார்த்தீங்க."

தண்ணீர் கொடுத்தான். மடமடவென்று குடித்தாள்.

"பிள்ளைங்களுக்காக வீட்ல இருந்துட்டேன் தம்பி. அதச் சொன்னாலே எல்லா எடத்துலயும் மூஞ்சி மாறிடுது. இந்த வெளம்பரத்த என் பொண்ணுகிட்ட காட்டினேன். தமிழெல்லாம் யாருக்கும்மா வேணும்னு எப்பப் பாத்தாலும் என் வாய அடைப்பா. பாருடி, கேட்டிருக்காங்கன்னேன். அவ முழிச்ச முழிய நீங்க பாத்திருக்கணும்!"

அவள் சிரித்தாள். ஒல்லி காலி டம்ளரை வாங்கி வைத்தான்.

"உங்களுக்கு இங்க என்ன வேல தம்பி?"

"ஆர்டர் பாக்கறேன்க்கா."

அந்த நாற்காலிக்குத்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

உள்ளே போய் அவளோடு பேசிவிட்டு வந்த முதலாளியின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"எல்லாத்துக்கும் டாண் டாண்னு பதில் சொல்றாங்கப்பா. நான் பொய் எழுத முடியாது. மிச்சம் தமிழ் ஒண்ணுதான், அது எனக்குத் தெரியாது. நீ பேச வச்சுப் பாரு. நீ சொல்றதத்தான் எழுதுவேன்."

பாவத்தை இவன் தலையில் கட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார், நல்ல மனுஷர்.

ஒல்லி பட்டறைக்காரருக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தான். உடைந்து வந்த சரக்கு யார் தப்பு என்று அவர் சண்டைக்கு நிற்கும் சமயம். இவனிடம் உர்ரென்றே பேசுகிறவர். அவள் "அண்ணே" என்று ஆரம்பித்தாள். விட்டுக்கொடுத்தாள், இழுத்துப் பிடித்தாள், நடுவில் ஏதோ கேலி வேறு. மறுமுனையில் அவர் வாய்விட்டுச் சிரித்தது இவன் காதிலும் விழுந்தது.

"என்ன தம்பி, பாஸா?"

"சொல்லி அனுப்புவாங்கக்கா."

அவள் போனதும் முதலாளி வந்து நின்றார். மாசக் கடைசிக்குள் விசா இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். ஊரில் அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், பையன் அங்கேயே வேலையில் உட்காரப்போகிறான் என்று.

"பத்தாது சார். சரளமா வரல" என்றான் தரையைப் பார்த்து.

முதலாளி ஒரு நிமிஷம் அவனையே பார்த்தார். பிறகு அப்படியே எழுதி அனுப்பினார், அரசாங்கத்துக்கும் அவளுக்கும்.

விசா வந்தது. போனில் அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "யாரு செஞ்ச புண்ணியமோடா!" என்றாள். யார் வயிற்றில் அடித்தது என்று அவனுக்கல்லவா தெரியும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கூட இருந்த பையன்கள் சந்தோஷத்தில் பசி போய்விட்டது என்று கலாய்த்தார்கள்.

அந்த வாரமே கம்பெனிப் போன் அடித்தது. ஒல்லிதான் எடுத்தான்.

"தம்பி, நான்தான். அன்னிக்கு வந்தேனே, அந்த அக்கா. வேலையப் பத்திக் கேக்கல, யாருக்குக் கெடச்சிருந்தாலும் நல்லா இருக்கட்டும். தமிழ் பத்தலன்னு எழுதியிருந்தாங்க. எங்க தப்புப் பண்ணினேன்னு மட்டும் சொல்லுங்க. பொண்ணு அதப் படிச்சிட்டா. உனக்கே ஒழுங்கா வராததயா இத்தன நாள் எனக்குச் சொல்லிக்குடுத்தன்னு கேக்கறா."

உங்க தமிழ்ல ஒரு குறையும் இல்லக்கா என்பது தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் அப்புறம் ஏன் என்று கேட்பாள். அதற்கான பதில், புது விசா அட்டையாக, அவன் சட்டைப்பையில் இருந்தது.

"பழக்கம் விட்டுப்போயிருக்கும்க்கா" என்றான்.



"ஆமா தம்பி. இருக்கும்" என்றாள்.

பிறகு அந்த ஊர் மொழியில், ரொம்ப மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.