முன்கையில் ஒரு வழுக்கை

“கையைக் காட்டு.”

“எதுக்கு?”

“காட்டுன்னா காட்டேன்.”

லயல் டோஸ்ட்டைத் தட்டில் வைத்துவிட்டு வலது கையை நீட்டினான்.

“இது இல்ல. அந்தக் கை.”

மேசைக்கு அடியிலிருந்து இடது கை மெல்ல வெளியே வந்தது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, நரைத்த முடிக்கு நடுவில், தீப்பெட்டி அளவுக்கு மழமழவென்று ஒரு வழுக்கை.

“இது என்ன?”

“கை.”

“கை எனக்கும் இருக்கு. முடி எங்க?”

“வயசாச்சில்ல கெழவி. உதிருது.”

“சதுரமாவா உதிரும்?”

அவன் டோஸ்ட்டை எடுத்து வாயை அடைத்துக்கொண்டான். முப்பது வருஷமாக என் கணவன் கையில் இந்த வழுக்கை விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை, சீனாவிலிருந்து மடக்குக்கத்திப் பெட்டி வந்து இறங்கி, அவன் கூர் பார்க்கும்போது மட்டும். இந்த வருஷம் கப்பல் தாமதம். பெட்டி இன்னும் வரவில்லை. அப்படியானால் என் கணவனின் முடி யாருடைய கத்திக்குப் போனது? மற்ற வீடுகளில் பெண்டாட்டிமார் சட்டையில் வேற்று முடி ஒட்டியிருக்கிறதா என்று தேடுவார்கள். எனக்கு, இருந்த முடி இல்லாமல் போனதே போதுமாக இருந்தது.

“அந்தச் சேணக்கடை வெர்னாவாத்தான் இருக்கும்” என்று தேநீர்க் கோப்பைக்குள் முணுமுணுத்தேன்.

“வெர்னாவை ஏன் இழுக்கற?” என்றான் லயல் சட்டென்று.

சாதாரணமாக எதையும் அவனுக்கு மூன்று தரம் கத்திச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தது எப்படிக் கேட்டது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கோபத்தில் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எங்கள் ஊர் வில்காராவைச் சுற்றியிருக்கும் மாட்டுப் பண்ணைகளில் மடக்குக்கத்தி இல்லாமல் யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. கயிறு அறுப்பது, ஆப்பிள் நறுக்குவது, கன்றுக்குக் காயடிப்பது எல்லாம் அதில்தான். ஜெர்மன் கத்தியை வாங்கி ஆற்றில் தொலைத்துவிட்டு வயிறெரிவதைவிட, விலை குறைந்த இறக்குமதிக் கத்தி மேல் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். சிக்கல் ஒன்றுதான். ஒரே அச்சு, ஒரே இரும்பு, ஒரே பெட்டி. ஆனால் ஒன்று பேரப்பிள்ளை காலம் வரை உழைக்கும், அதன் பக்கத்தில் படுத்திருந்தது கடிதம் பிரிக்கத்தான் ஆகும். பிரித்து எடுக்கத் தெரிய வேண்டும். மாடு விரட்டும் போட்டி நாட்களில் கடை போட்டு, நாங்கள் பிரித்து எடுத்ததை விற்பதுதான் எங்கள் பிழைப்பு.

கண்ணும் கையும் லயலுடையவை. மூடிய கத்தியை ஜன்னலுக்கு நேரே பிடிப்பான். ஸ்பிரிங்குக்கும் பிடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் கழித்துவிடுவான். விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டுவான். மடக்கியபின் முனை வெளியே எட்டிப்பார்த்தால் ஆகாது, கால்சட்டைப் பையைக் கிழிக்கும். கடைசியில் முனைப் பக்கத்தால் முன்கை முடியைச் சிரைத்துப் பார்ப்பான். அதற்கு மேல் என் வேலை. என் காதருகில் வைத்து விரிப்பான், மூடுவான். தடிப் புத்தகத்தை மூடியதுபோல் ‘டொக்’கென்று அடங்கினால் நல்ல கத்தி. அந்த ‘டொக்’குக்கு வால் முளைத்தாற்போல் ‘கிண்’ணென்று சன்னமாக ஒன்று கேட்டால், அலகின் கூர் உள்ளே ஸ்பிரிங்கில் போய் இடிக்கிறது என்று அர்த்தம். மூட மூட நடுவில் மழுங்கிவிடும்.

இளவயதில் மோட்டார் சைக்கிளிலும் துப்பாக்கியிலும் லயல் காதைத் தொலைத்தவன். அந்தக் ‘கிண்’ எனக்குத்தான் கேட்கும். அதனால்தான் எங்கள் கடைப் பலகையில், ‘லயலும் நோயெலாவும் பார்த்து எடுத்தது’ என்று இருக்கிறது. அந்தப் பலகையில் என் பேர் அன்புக்காக எழுதப்பட்டதில்லை.

வெர்னா, பழைய பாங்குக் கட்டடத்தில் சேணக்கடை வைத்திருக்கும் விதவை. என்னைவிடப் பத்து வயது இளையவள். நகத்துக்குச் சாயம் பூசுவாள். எல்லாரையும் ‘கண்ணு’ என்பாள்.

“அடடே, நோயெலா! வாங்க கண்ணு. என்ன வேணும்?”

“நாய்ச் சங்கிலி.”

“நாய் வாங்கிட்டீங்களா?”

“வாங்கப்போறேன்.”

அவள் சங்கிலி எடுக்கத் திரும்பியபோது மேசையைப் பார்த்தேன். பச்சைத் துணி விரித்த தட்டில் வரிசையாக மடக்குக்கத்திகள். முன்னால் ஓர் அட்டை: ‘லயல் பார்த்து எடுத்தது’. லயல் மட்டும். பக்கத்தில் நான் இல்லை.

“கத்தியும் விக்க ஆரம்பிச்சிட்டியா?”

“சனிக்கிழமை போட்டிக்குத்தான். எனக்குக் கத்தியப் பத்தி என்ன தெரியும்? நல்லவேளை, உங்க வீட்டுக்காரரு உக்காந்து பிரிச்சுக் குடுத்தாரு. என்ன பொறுமை! மத்தியானம் மத்தியானம் வருவாரு.”

“மத்தியானம் அவன் கொட்டகையில டிராக்டரப் பாக்கறான்னுல்ல நெனச்சேன்.”

“டிராக்டரும் பாப்பாரா!”

“சும்மாவா பாத்தான்?”

“எலுமிச்சை கேக் செஞ்சு குடுத்தேன்.”

“எலுமிச்சை அவன் வயித்துக்கு ஒத்துக்காதே. நான் செஞ்சா தொடமாட்டான்.”

“ரெண்டாவது துண்டும் கேட்டாரு கண்ணு.”

ஒரு கத்தியை எடுத்து விரித்து மூடினேன். ‘டக்!’ இன்னொன்று. ‘டக்!’ எல்லாம் அப்படித்தான், உரத்த குரல்காரர்கள். பாதிக்குப் பாதி வாலில் ‘கிண்’. விரித்து, கட்டைவிரல் நகத்தைக் கூரின்மேல் ஓட்டினேன். நடுவில் வந்ததும் நகம் தட்டி நின்றது. ஸ்பிரிங்கில் இடித்து இடித்து, அங்கே எள்ளளவு தட்டையாகியிருந்தது. லயலின் விரல்கள் காய்த்துப்போனவை. அவனுக்கு இது தெரிந்திருக்காது. அன்று முதல்முறையாக எனக்குச் சிரிப்பு வந்தது. என் காது இல்லாமல் உட்கார்ந்தால் இதுதான் கதி.

“நல்லாயிருக்கா?” என்றாள் வெர்னா.

“லயல் பாத்ததாச்சே.”

“ஆமா. காதுகிட்ட வச்சு வச்சுக் கேட்டாரு. ‘எத்தனை வருஷமாச்சு இந்தச் சத்தத்தைக் கேட்டு’ன்னு கண்ணே கலங்கிடுச்சு பாவம்.”

“அவனுக்கு ஏது காது?”

வெர்னாவின் சிவப்பு நகங்கள் சங்கிலிமேல் அப்படியே நின்றன.

“உங்ககிட்ட… சொல்லலையா? காது மெஷின் வாங்கினாரே. நான் கண் டாக்டரப் பாக்க ராக்ஹாம்ப்டன் டவுனுக்குப் போனேன். அப்படியே அவரையும் கார்ல ஏத்திக்கிட்டுப் போனேன். மாட்டினதும் நான்தான், ‘லயல், கேக்குதா’ன்னு…”

கேக்கைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மத்தியானங்களையும் பொறுத்திருப்பேன். ஆனால் இத்தனை வருஷம் கழித்து அவன் காதில் தெளிவாக விழுந்த முதல் குரல் இவளுடையது! முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவள் நான்.

சங்கிலிக்குப் பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அந்தச் சங்கிலி இன்னும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. நாய் கிடையாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மெதுவாகச் சொன்னேன். “எடு.”

“எதை?”

“கேட்டுச்சுல்ல? அதைத்தான். எடு.”

காதை மூடி வளர்ந்த நரைமுடியை ஒதுக்கி, அவரைக்கொட்டை அளவில் ஒன்றைக் கழற்றி மேசைமேல் வைத்தான். நான் கத்தத் தொடங்கியதும் புரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டான்.

“ஏன்டா கெழவா, எனக்குச் சொல்லல?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். பெட்டி வந்தா பக்கத்துல வந்து உக்காருவ. ‘அப்ப இனிமே நான் எதுக்கு’ன்னு கேப்ப. என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.”

“அவகிட்ட மட்டும் பதில் தெரிஞ்சுதா?”

“அவ எதுவும் கேக்கலையே.”

“இப்ப எல்லாம் கேக்குதாக்கும்?”

“கேக்குது. நீ குறட்டை விடற.”

“நான் விடறதில்ல!”

“விடற. அப்புறம் அந்தக் கத்திங்க! டக்கு டக்குன்னு என்னமா பேசுது! இவ்ளோ நாளா இதைத் தனியா உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தியா நீ?”

அவன் முகம் குழந்தை முகம்போல் இருந்தது. அதில் பாதிக் கத்தி ஆகாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சனிக்கிழமை வரட்டும். வெர்னாவிடம் வாங்கியவனெல்லாம் திரும்பி வந்து அவள் மேசைமேல் கத்தியை வீசட்டும். பச்சைத் துணி கிழியட்டும். அதைப் பார்க்க நல்ல இடமாகப் பிடித்துக் கடை போடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை, குதிரையேறி மாடு விரட்டும் போட்டி. செம்மண் தூசி, ஈக்கள், ஒலிபெருக்கியில் யாரோ பேர்களைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். என் மேசையில் போன வருஷத்து மிச்சம். எதிரே வெர்னாவின் கூடாரத்தில் கூட்டம். லயல் குதிரைகளைப் பார்க்கப் போகிறேன் என்று நழுவிவிட்டான்.

பெரிய பண்ணை ஒன்றின் மேற்பார்வையாளன் டார்சி என்னிடம்தான் முதலில் வந்தான்.

“புதுசு இல்லையா நோயெலா?”

“கப்பல் வரல.”

“பரவாயில்ல, எதிர்ல வாங்கிக்கறேன். லயல் பாத்ததுன்னு போட்டிருக்காமே. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம். நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஒண்ணொண்ணு. நாளைக்குக் கன்னுங்களுக்குக் காயடிக்கணும்.”

அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாளைக்குக் கத்தி நடுவில் மழுங்கி நின்றால் டார்சி வெர்னாவையா திட்டுவான்? அவளுக்கென்ன தெரியும் என்று விட்டுவிடுவான். ‘லயலுக்கு வயசாயிடுச்சுப்பா, காதும் போச்சு, கையும் போச்சு’ என்பான். பண்ணைக்குப் பண்ணை அதுவே பேச்சாகும். லயலுக்கு வயசாகிவிட்டது என்று சொல்கிற உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. டார்சிக்கு யார் கொடுத்தது?

தூசியைக் கடந்து எதிர்க் கூடாரத்துக்குப் போனேன்.

“டார்சி, கீழ வை.”

“என்ன கண்ணு?” என்றாள் வெர்னா.

“நாற்காலி குடு.”

அவள் எழுந்தாள். உட்கார்ந்து விரிக்கவும் மூடவும் ஆரம்பித்தேன். இது இந்தப் பக்கம். இது அந்தப் பக்கம். அந்தப் பக்கக் குவியல் ஏறிக்கொண்டே போனது. கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டது. லயல் தொப்பியைப் பிடித்தபடி ஓடிவந்தான்.

“என்ன பண்ற நீ?”

“நீ பாதியில விட்டதை முடிக்கறேன்.”

“அதை ஏன் அந்தப் பக்கம் போட்ட? அது நல்ல கத்தி. என்னமா சத்தம் போட்டுச்சு!”

“சத்தம் போட்டாதான் தப்பு. வெர்னா, நகத்தை இதுல ஓட்டு. மெதுவா.”

அவள் சிவப்பு நகத்தைக் கூரின்மேல் வைத்து இழுத்தாள். நடுவில் வந்ததும் தட்டி நின்றது. நகச்சாயம் ஒரு சுருளாகப் பெயர்ந்தது.

“ஐயோ, என் நகம்!”

டார்சி விழுந்து விழுந்து சிரித்தான். லயல் சிரிக்கவில்லை. அந்தக் கத்தியை வாங்கிக் காதருகில் வைத்து மூடினான். மறுபடியும் மூடினான்.

“எனக்கு எல்லாமே மணி அடிக்கற மாதிரிதான் கேக்குது. இதுல எது ‘கிண்’ணு?” என்றான் தணிந்த குரலில்.

“வெளிய நிக்கற சத்தத்தை உன் மெஷின் பெருசாக்குது. உள்ளுக்குள்ள நடக்கற சண்டை அதுக்குத் தெரியல.”

“எப்பத் தெரியும் உனக்கு?”

“அவ கடைக்குப் போன அன்னிக்கே.”

“சொல்லலையே.”

“நீ சொன்னியா?”

அவன் கை காதுப் பக்கம் போனது.

“கழட்டாத” என்றேன். “நான் திட்டறது நல்லா விழட்டும்.”

வெர்னா பேனாவை எடுத்து வந்தாள். நல்லவள்தான், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. “உங்க பேரையும் சேத்து எழுதிடறேன் கண்ணு. ரெண்டு பேரும் பாத்ததுன்னு.”

“வேணாம்.” அட்டையை எடுத்து மடித்து என் பையில் போட்டுக்கொண்டேன். “இந்தப் பக்கம் இருக்கறதெல்லாம் நல்ல கத்தி, தைரியமா வித்துக்க. உன் கத்தி, உன் பேரைப் போட்டுக்க. இந்தப் பேரு எங்க கடைக்கு.”

டார்சி நல்ல பக்கத்திலிருந்து தன் ஆட்களுக்கு எண்ணி எடுத்துக்கொண்டான். நான் எழுந்து எங்கள் மேசையை நோக்கி நடந்தேன். லயல் பின்னால் வந்தான். வெர்னாவின் கூடாரத்து மூலையில், வலைமூடிக்கு அடியில் எலுமிச்சை கேக் இருந்ததை இருவருமே பார்த்தோம். அதைப் பற்றி, செய்தவளைப் பற்றி, தின்றவனைப் பற்றி, தூசிக்குள் உதட்டை அசைக்காமல் ஒரு வார்த்தை சொன்னேன்.

“கேட்டுச்சு” என்றான் லயல்.

“கேக்கட்டும்னுதான் சொன்னேன்.”