ஓடாது என்று சொன்ன ஆட்டம்

அண்ணன் கழித்துக் கட்டிய பழைய கணினியில் தங்கை லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தைப் போட்டிருந்தாள்.

"அதுல கேமெல்லாம் ஓடாது," என்று சிரித்தவன், அதில் கார் பந்தய ஆட்டம் தடங்கலே இல்லாமல் ஓடுவதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் ஆசையாய் வாங்கிய புதுக் கணினியில் அதே ஆட்டம் அடிக்கடி திக்கித் திணறும். ஒரு வளைவிலாவது திரை உறைந்து நிற்காதா என்று காத்திருந்தான். நிற்கவில்லை. வயிறு எரிந்தது.

"சத்தம் கம்மியா இருக்கே," என்றான், ஏதாவது குறை சொல்ல வேண்டுமே என்று.

அவள் சத்தத்தைக் கூட்டினாள். "உன்னோடதுலயும் போட்டுத் தரவாண்ணா?"

"எனக்கெதுக்கு?" என்று எழுந்தவன், வாசல்வரை போய்த் திரும்பினான். "அது என்னோட கம்ப்யூட்டர்தானே? திருப்பிக் கொடு."

"தர மாட்டேன்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.