அரை வரிக்காரி

ஜனவரி இருபத்தாறு என்றால் கணபதியப்பனுக்கு ஒரு மாப்பிள்ளை மினுக்கம் வந்துவிடும். விடியும் முன்னே குளித்து, திருநீறு பூசி, கஞ்சி போட்ட வேட்டி கட்டி, தொண்டைக்கு மிளகு மென்றுகொண்டிருப்பார். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில், கோயிலையும் ஊர்வரியையும் பார்த்துக்கொள்ளும் ஊர்வகைக்குத் தலைவர் அவர்தான். கொடியை எவனும் ஏற்றிவிட்டுப் போகலாம். ஊர்க்கட்டிட வாசலில் நின்று அரசியலமைப்பின் முகவுரையை மைக் இல்லாமல் வாசிக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. ‘சமத்துவம்’ என்ற இடத்தில் ஒரு அழுத்து அழுத்துவார் பாருங்கள், எதிர்த்த டீக்கடைக்காரன் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பான்.

வாசித்து முடித்த கையோடு ஊர்க்கூட்டம். ஆண்கள் உள்ளே போய் நாற்காலியில் உட்காருவார்கள், பெண்கள் வெளியே ஜன்னலோரம் நிற்பார்கள். யாரும் யாரையும் விரட்டுவதில்லை, வழக்கம் அப்படி. ஆண் தலைக்கட்டாக இருக்கும் வீட்டுக்கு முழு வரி, கூட்டத்தில் பேச்சும் ஓட்டும் உண்டு. பெண் தனியாக வீடு வைத்திருந்தால் அரை வரி. பேச்சும் கிடையாது, ஓட்டும் கிடையாது. கோயில் கொடை முடிந்து படையலைப் பங்கு வைக்கும்போதும் அவளுக்குப் பாதிதான்.

இந்த வருஷம் வில்லங்கம் அவர் வீட்டிலிருந்தே கிளம்பியது. மகள் சிவப்ரியா புருஷனை முறித்துக்கொண்டு வந்தவள், மேலத்தெருவில் சொந்தமாக வீடும் கட்டிவிட்டாள். தன்னை முழு வரியில் சேர்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

“மக்கா, பாதி கெட்டினாப் போதும்னு ஊரே சொல்லுகு. உனக்கு லாபம்தானே?”

“அரை வரின்னா நான் என்ன அரை ஆளாப்பா?”

கணபதியப்பன் இன்னொரு மிளகைக் கடித்தார்.

பெண்ணின் விஷயத்தைச் சபையில் ஓர் ஆண்தான் எடுத்துச் சொல்லவேண்டும். தகப்பன் தலைவர், அவர் பேசக்கூடாது. தம்பி மஸ்கட்டில். கடைசியில் பக்கத்து வீட்டு அனில்குமார் ஒத்துக்கொண்டான். சுண்டலுக்காகக் கூட்டத்துக்கு வந்து, தின்றதும் தூங்கிப்போகிறவன். ஆனாலும் முழு வரிக்காரன், கேட்டீர்களா!

“நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன்,” என்றாள் சிவப்ரியா ஜன்னலுக்கு வெளியே நின்று. சபை முழுக்கக் கேட்டது. கேட்டதாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. எல்லோரும் அனில்குமாரைப் பார்த்தார்கள்.

“நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன்,” என்றான் அவன்.

“அது எங்களுக்குத் தெரியும்லா,” என்றார் செயலாளர் சுனில்.

“புருஷன் இல்லேங்கதுக்காக என்னைப் பாதியாக்கப்பிடாது.”

“புருஷன் இல்லேங்கதுக்காக என்னைப் பாதியாக்கப்பிடாது,” என்று அனில்குமார் உருக்கமாகச் சொன்னதும் சபை கொல்லென்று சிரித்தது. அவன் பெண்டாட்டி ஜினி வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“பொம்பளையோ உள்ள வந்தா கூட்டம் எப்பம் முடியும்?” என்று ஒருவர் கேட்டார். சிவப்ரியா சுடச்சுடப் பதில் சொன்னாள். சபை மறுபடி அனில்குமாரின் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“என்ன எளவுவே இது! அவ சொல்லுகது எல்லாருக்கும் கேக்குல்லா? பொறவு நான் எதுக்கு?” என்று சொல்லிவிட்டுச் சுண்டலோடு உட்கார்ந்துவிட்டான்.

ஓட்டுக்கு விட்டார்கள். கைகள் சரிபாதியாகப் பிரிந்தன. இனித் தலைவரின் கைதான் முடிவு.

கணபதியப்பன் எழுந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் பெற்ற மகள் விஷயத்தில் தகப்பன் தீர்ப்புச் சொன்னால் அது நீதியா? முகவுரையில் சமத்துவத்துக்கு முன்னாலேயே நீதி வந்துவிடுகிறதே!

“நான் விலகிக்கிடுதேன்,” என்றார். சரிபாதி போதாதென்று தீர்மானம் தோற்றது. சபை கைதட்டியது. “மனுஷம்னா இவருல்லா!”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். சிவப்ரியாவுக்குக் கண் சிவந்திருந்தது.

“உள்ள இருந்தது பூரா ஆம்பளையோ. பொம்பளைக்கு ஓட்டு வேணுமா வேண்டாமான்னு அவ்வளவு பேரும் கை தூக்கினாவ. சொந்த விஷயம்னு ஒருத்தனாவது விலகினானாப்பா? எனக்கு நியாயம் செய்யுகதுக்கு மட்டும்தான் விலகணுமோ?”

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்தாள். கணபதியப்பனுக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. இத்தனை வருஷம் தொண்டை கிழிய வாசித்தது யாருக்கு? வெட்கம் பிடுங்கித் தின்றது. சபையோ அதற்குள் டீக்கடைக்குப் போய்விட்டது. ரோட்டில் இறங்கி வலது கையை உயரத் தூக்கினார்.

“சுனிலே! என் கை சிவப்ரியாவுக்கு!”

நாகர்கோவில் பஸ் கிறீச்சென்று அவர் முன்னால் வந்து நின்றது.

“சட்டுனு ஏறும்,” என்றார் கண்டக்டர்.

“ஏற வரல்லவே!”

சுனில் டீயும் கையுமாகக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். “கட்டிடத்துக்கு வெளிய தூக்கின கை செல்லாது அண்ணாச்சி. அடுத்த கூட்டத்துல பாப்போம்.”

“அடுத்த கூட்டம் எப்பம்?”

“அடுத்த ஜனவரிதான்.”

“அப்பம் அதுவரைக்கும் இப்பிடியே நிக்கேன்.”

பஸ் ஹாரன் அடித்தது. அதன் பின்னால் ஒரு லாரியும் அடித்தது. தெருமுனை வரை போன சிவப்ரியா திரும்பி வந்தாள். தகப்பனை ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்று தானும் கையைத் தூக்கினாள். பெண் கை தூக்கக்கூடாது என்று ரோட்டுக்குச் சட்டம் கிடையாதே. பிறகு ஜினி தூக்கினாள். ஜன்னலோரம் நின்ற மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக வந்து தூக்கினார்கள்.

சுனில் டீயைக் குடிக்க மறந்து, தன்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தார்.